குட்டியின் வண்டியில் எலி

பானெட்டைத் தூக்கியதும் உள்ளே ஒரு படுக்கை விரித்திருந்தது. அடியில் இருக்கையிலிருந்து பிய்த்தெடுத்த பஞ்சு, அதன்மேல் கிழித்த காகிதம், எல்லாவற்றுக்கும் மேலே பழுப்பும் வெள்ளையுமாக நாய் முடி. புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பக்குவமாக யாரும் படுக்கை போட மாட்டார்கள்.

"பாத்தியா?" என்றார் அண்ணன்.

பேக்கரி அக்கா பார்த்தாள். படுக்கையை மட்டுமல்ல, பக்கத்தில் தோலுரிந்து செம்பு தெரிய நின்ற ஒயர்களையும் பார்த்தாள். அந்த வேன் அவளுடையது அல்ல, தங்கையுடையது. தங்கையோ ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

தங்கையை வீட்டிலும் தெருவிலும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பதைத் தாண்டிய பிறகும் குட்டி குட்டிதான். வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுவது அவள் தொழில். வேனுக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு தண்ணீர்த் தொட்டி, முடி காயவைக்க ஒரு ட்ரையர். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலது கால் ஊன்றாது. அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைத்துக் கட்டிய வண்டி அது. இழுத்தால் வேகம், அழுத்தினால் பிரேக். தரையில் நொண்டுகிறவள் அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ராணிதான். சிக்னலில் யாராவது குறுக்கே புகுந்தால் அவள் வாயிலிருந்து வருகிற வார்த்தையில் பின்னால் இருக்கிற நாய்கள் கப்சிப் என்று அடங்கிவிடும்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது, கையிலிருந்த போனும் நொறுங்கியது. ஆபரேஷன், அப்புறம் நடைப் பயிற்சி என்று மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். அக்காவும் தங்கையும் குடியிருந்த வீட்டை ஒட்டிய ஷெட்டில் வேன் சும்மா நின்றது. சும்மா நின்ற வண்டிக்கு எலி குடிவந்துவிட்டது.

"இத்தனை நாய் ஏறி இறங்கின வண்டி. இதுல வந்து படுக்குதுன்னா அந்த எலிக்கு எவ்வளவு திமிர் இருக்கணும்!" என்றாள் அக்கா.

"திமிர் எலிக்கா, உனக்கா? வித்துடலாம்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டியா? அவ இனிமே வண்டி ஓட்டப் போறதில்லைம்மா. வாங்கறதுக்கு ஆள் இருக்கு. நல்லா இருக்கும்போதே கைமாத்தி விட்டுடலாம்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லுவா? குதிப்பா."

"குதிக்கத் தெம்பு இருந்தா ஓட்டவும் தெம்பு இருக்கும். விக்கக் கூடாது."

அண்ணன் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். வேன் அவர் பெயரில்தான் இருந்தது. கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. தங்கைக்கு ஒன்றென்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் ஆணி அடித்த மாதிரிதான்.

"சரி, ஒரு தடவை ஒயரை மாத்தித் தரேன்," என்றார் அவர். "இன்னொரு தடவை எலி வாய் வச்சுதுன்னா வித்துடுவேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பானெட்டைத் தூக்கிப் பாப்பேன். அப்புறம் நீ குறுக்க நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன். எலியும் வாய் வைக்காது."

"எலிகிட்ட பேசிட்டியா?"

"இனிமேதான் பேசப் போறேன்," என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள் அக்கா.

மெக்கானிக் வந்து ஒயர்களை மாற்றினார். மாற்றும்போது வாய் ஓயவில்லை. கைப்பிடிக்குப் போகிற ஒயர் தனி ரகமாம், கடையில் கிடைக்காதாம், எங்கேயோ கழித்துப் போட்ட வண்டியிலிருந்து ஒன்று கழற்றிக்கொண்டு வந்தாராம். "இன்னொரு தடவை கடிச்சா என்னைக் கூப்பிடாதீங்கக்கா. இல்லாத சாமானுக்கு நான் எங்க போவேன்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். ஆக, மெக்கானிக்கும் கையை விரித்தாயிற்று.

வேனின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் எலி வந்த காரணம் தெரிந்தது. நாய் பிஸ்கட் மூட்டை ஒன்று மூலையில் ஓட்டையாகி, பிஸ்கட்டெல்லாம் பொடிப்பொடியாகக் கிடந்தது. விருந்தை உள்ளேயே வைத்துவிட்டு விருந்தாளி ஏன் வந்தான் என்று கேட்டால் எப்படி? அக்கா மூட்டையைத் தூக்கி எறிந்தாள். சீட்டுக்கு அடியில் சிந்தியிருந்ததைப் பெருக்கினாள், சோப்புப் போட்டுத் துடைத்தாள். ஷெட்டில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளையும் பழைய துணி மூட்டைகளையும் வெளியே கடாசினாள். கூரையை உரசிக்கொண்டிருந்த மரக்கிளையை வெட்ட ஆள் பிடித்தாள். பிறகு நேராக அண்ணன் கடைக்குப் போய் நின்றாள்.

"கம்பி வலை குடுங்கண்ணே. சின்னக் கண்ணா இருக்கணும்."

"எவ்வளவு சின்னது?"

"என் சுண்டு விரல் நுழையக் கூடாது. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார், சிமெண்ட், ஷட்டருக்கு அடியில அடிக்கத் தகடு."

"இவ்வளவும் எதுக்கு?"

"உங்களைத் தோக்கடிக்கத்தான்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். எலி மருந்துப் பாக்கெட் ஒன்றையும் மேலே போட்டார். அக்கா அதை மட்டும் திருப்பித் தள்ளினாள். விஷம் தின்ற எலியை ஏதாவது நாய் கவ்வித் தொலைத்தால் குட்டி தன்னை உயிரோடு விடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

விடிவதற்கு முன்னால் பேக்கரியில் மாவு பிசையப் போகிறவள் அவள். மத்தியானம் வீடு திரும்பியதும் ஷெட்டுக்குள் நுழைந்துவிடுவாள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துத் தவழ்ந்து, சுவரும் தரையும் சேருகிற இடத்தில் இருந்த ஒவ்வொரு ஓட்டையிலும் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்டைப் பூசினாள். பென்சில் நுழைகிற ஓட்டை போதுமாம் சுண்டெலிக்கு. அவள் ஒரு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே திரிந்தாள். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அதைக் குத்திப் பார்த்தாள். ஜன்னலுக்கு வலை, தண்ணீர் போகிற குழாய் வாய்க்கு வலை, ஷட்டருக்கு அடியில் தகடு. முழங்கை உரிந்தது, தலைமுடியில் சிமெண்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டது. பேக்கரியில் கூட வேலை செய்யும் பெண்கள் "வீடு கட்டறீங்களாக்கா?" என்று கேலி செய்தார்கள். "இல்லைடி, ஒருத்தனை வீட்டை விட்டுத் துரத்தறேன்," என்றாள்.

சாயங்காலம் ஆனால் குட்டியின் போன் வரும். வார்டில் நோயாளிகளுக்கென்று போன் கிடையாது. நடையின் அந்தக் கோடியில் நர்ஸம்மாவின் மேஜைமேல் ஒன்று இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அந்த நடை முழுவதும் நடந்து வந்தால்தான் போன். குட்டி வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வழியில் நின்று நின்று, தினமும் வந்தாள். அக்காவின் குரலைக் கேட்க என்று நினைத்துவிட வேண்டாம்.

"அக்கா, போடு."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா போனோடு ஷெட்டுக்குப் போய், புகை வெளியேற ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, வண்டியில் ஏறிச் சாவியைத் திருகுவாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவியைத் திருகவும் கைப்பிடியை லேசாக இழுக்கவும் மட்டும் குட்டி சொல்லிக் கொடுத்திருந்தாள். என்ஜின் உறுமும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"லேசா ஏத்துக்கா. ம்ம்... அப்படித்தான். விடு. நல்லா இருக்கான்."

வண்டி அவளுக்கு அவன்தான். தினமும் ஓட விட்டால்தான் பேட்டரி சாகாது என்பது ஒரு சாக்கு. ஒரு நாள் நர்ஸம்மா போனை வாங்கி அக்காவிடம் சொன்னாள்: "பயிற்சிக்கு எழுப்பினா எரிஞ்சு விழறாங்க. இந்தப் போனுக்கு மட்டும் நாங்க எழுப்பறதுக்கு முன்னாடியே எழுந்துடறாங்க. இதை மட்டும் நிறுத்திடாதீங்க." அன்றைக்கு அக்கா என்ஜினை வழக்கத்தை விட நிறைய நேரம் ஓட விட்டாள்.

முதல் ஞாயிறு அண்ணன் வந்தார், பார்த்தார், ஒன்றும் இல்லை. போகும்போது ஆஸ்பத்திரிக்குப் போய்க் குட்டியையும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறுக்கு முந்திய நாள் அக்கா தானே பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். என்ஜின்மேல் எலிப்புழுக்கை. பக்கத்தில் ஒரு துணுக்குப் பஞ்சு.

ஐயோ என்றாகிவிட்டது அவளுக்கு. ஒயரில் இன்னும் பல் படவில்லை. ஆனால் படுக்கை போட இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. சுவரில் ஓட்டை இல்லை, தரையில் ஓட்டை இல்லை, கூரையில் இல்லை. பின்னே வானத்திலிருந்தா குதித்தது? எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அழுகையை விட அவளுக்குக் கோபம்தான் எப்போதும் உதவியாக இருந்திருக்கிறது.

பொறி வைத்தாள், வேர்க்கடலை வெண்ணெயோடு. எலி சீந்தவில்லை. அந்துருண்டை போட்டாள். அவளுக்குத்தான் தலைவலி வந்தது. பிறகு பேக்கரிக்காரியின் மூளை வேலை செய்தது. ஒரு மதியம் சல்லடையோடு வந்து, ஷெட்டுத் தரை முழுவதும் மைதா மாவை மெல்லிசாகச் சலித்துவிட்டாள். ரொட்டி மேஜையில் தூவுகிற மாதிரி, ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுநாள் மாவில் எல்லாம் எழுதி வைத்தது போல் இருந்தது. சின்னச் சின்னக் கால்கள், நடுவில் வால் இழுத்த கோடு. பொறிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஷட்டரிலிருந்து நேராக முன் சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து மேலே. திரும்பிப் போனதும் அதே வழிதான். சொந்த வீட்டுக்கு வருகிறவன் வழி விசாரிப்பானா?

ஷட்டருக்கு அடியில்தான் தகடு அடித்திருக்கிறதே என்று குனிந்து குனிந்து பார்த்தாள். பென்சிலைக் குத்திப் பார்த்தாள். நுழையவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை. மாவைப் பெருக்கிவிட்டுப் புதிதாகச் சலித்தாள். மறுநாளும் அதே கால்தடம், அதே வழி.

அதற்கு அடுத்த நாள் விடியுமுன்னே மாவைப் பெருக்கி மறுபடி சலித்துவிட்டுப் போனாள்; அன்று பேக்கரியில் பெரிய ஆர்டர். வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது, போன் நேரமும் தாண்டிவிட்டது. நர்ஸம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். குட்டி முறைத்துக்கொண்டு திரும்பிப் போனதாகச் செய்தி வந்தது. காலையில் எழுந்து ஷெட்டின் பக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மாவு சலித்தபடியே கிடந்தது. ஒரு கால்தடம் இல்லை.

அன்று சாயங்காலம் குட்டியின் போன் வந்தது. ஷட்டரைத் தூக்கினாள், என்ஜினை ஓட விட்டாள், வழக்கம்போலப் புகை அடங்கட்டும் என்று திறந்தே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பானெட்டில் கை வைத்தாள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டித் தட்டு மாதிரி சுகமான சூடு. கீழே மாவில் புதுக் கால்தடம்.

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள் அக்கா. எலி எங்கேயும் ஓட்டை போடவில்லை. தினமும் அவளே கதவைத் திறந்து வைத்து, உள்ளே படுக்கையைச் சூடு பண்ணியும் வைத்து, வா ராசா என்று கூப்பிட்டிருக்கிறாள். இவ்வளவு சிமெண்டும் பூசி, முழங்கையும் உரிந்து, கடைசியில் எலிக்கு வேலைக்காரி வேலை பார்த்திருக்கிறாள்!

மெக்கானிக்கிடம் ஓடினாள். "தினமும் ஸ்டார்ட் பண்றீங்களா? நிறுத்தி வைக்கிற வண்டியை எதுக்குக்கா சீண்டறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவர். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கச் சொன்னார். காற்று போகிற வாயிலும் சைலன்சர் வாயிலும் இரும்பு நாரைத் திணிக்கச் சொன்னார். திணித்ததை மறந்துபோய் யாராவது ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னார். ஷட்டரைத் திறக்கவே கூடாது என்றார். பானெட்டைத் தட்டி உள்ளே இருந்தவனை விரட்டிவிட்டு, எல்லாவற்றையும் அன்றைக்கே செய்து முடித்தாள் அக்கா. பேட்டரி சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டது.

வண்டி பிழைத்துவிட்டது. ஆனால் குட்டிக்கு என்ன சொல்வது? சத்தம் இல்லையென்றால் அவள் எழுந்திருக்க மாட்டாள். சத்தம் இருந்தால் எலி வரும், எலி வந்தால் அண்ணன் விற்றுவிடுவார். அக்காவுக்கு மண்டை காய்ந்தது. எலி என்று உண்மையைச் சொல்லலாம். ஒயர் கடிபட்டதையும் அண்ணன் போட்ட நிபந்தனையையும் கேட்டு, நொண்டிக் காலோடு கட்டிலிலிருந்து குதித்தாலும் குதிப்பாள் அந்தக் கழுதை. இன்னும் கொஞ்ச நாள்தானே, வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நல்ல வேளையாக முந்தின வாரம் ஒரு காரியம் செய்திருந்தாள். முடி வெட்டும்போது நாய்கள் மிரளாமல் இருக்கக் குட்டி பாட்டுப் போடுகிற சின்ன ரெக்கார்டர் ஒன்று வேனில் கிடந்தது. போன் நேரத்தில் ஒருவேளை வேலையில் மாட்டிக்கொண்டால் உதவும் என்று ஒரு சாயங்காலம் என்ஜின் சத்தத்தை அதில் பிடித்து வைத்திருந்தாள். பெரிய ஆர்டர் வந்த அன்றைக்கு அதைக் கையோடு எடுத்துப் போக மறந்துவிட்டாள். இப்போது கைகொடுத்தது. போன் வந்ததும் ரெக்கார்டரை அதன் வாயருகே பிடித்து அழுத்தினாள்.

"நல்லா இருக்கான்," என்றாள் குட்டி.

அக்காவுக்கு மூச்சு வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மாவில் கால்தடம் அடியோடு நின்றுபோனது. ஞாயிறு அண்ணன் வந்து பானெட்டுக்குள் மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்துவிட்டு, "ம்ம்," என்று மட்டும் சொன்னார். அந்த "ம்ம்" அக்காவுக்குத் தேனாக இனித்தது.

அடுத்த நாள் குட்டி "நல்லா இருக்கான்" என்று சொல்லவில்லை.

"அக்கா, மூலை வீட்டு நாய் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"இப்ப ரெண்டு தரம் குரைச்சுட்டு ஒரு இருமல் இருமிச்சே, கேட்டியா?"

"கேட்டேன்டி. எப்பவும் இருமற நாய்தானே."

"ஆமா. நேத்தும் அதே இடத்துல இருமிச்சு. முந்தாநாளும் அதே இடத்துல. நீ கைப்பிடியை ஏத்தினதும் ரெண்டு குரை, ஒரு இருமல்." வாக்கர் சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது. "வண்டியை வித்துட்டீங்க இல்ல?"

"ஏய், இல்லடி! சத்தியமா இல்லை..."

"அண்ணன் வந்தப்பவே சொன்னான், ஒருத்தர் வண்டியைக் கேக்கறார்னு. நீ எம் பக்கம்னு நினைச்சேன்க்கா. வண்டி இருந்தா வண்டியே கத்தியிருக்குமே? எதுக்கு என் ரெக்கார்டரைக் கத்த விடறே?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஊரில் இருக்கிற நாயையெல்லாம் குரல் வைத்தே அடையாளம் சொல்கிறவளிடம் போய் இந்த வித்தையைக் காட்டலாமா?

மறுநாள் போன் வரவில்லை. அக்காவே கூப்பிட்டபோது நர்ஸம்மா பேசினாள்: "எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. வாக்கரை சுவத்தோரம் தள்ளி விட்டுட்டாங்க. இப்படியே படுத்துட்டா அப்புறம் கால் மடங்காதும்மா." பேக்கரிக்கு லீவு சொல்லிவிட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எலி, படுக்கை, ஒயர், மாவு, சூடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். குட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எலியாம்! என்னைச் சின்னக் குழந்தைன்னு நினைச்சியா?"

"கண்ணால பாத்தா நம்புவியா?"

தலையணை ஈரமாக இருந்ததை அக்கா பார்த்தாள். குட்டி அழுது அவள் பார்த்ததே இல்லை. விழுந்த அன்றைக்குக்கூடக் கத்தினாளே தவிர அழவில்லை. இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள் அக்கா.

அங்கிருந்து நேராக அண்ணன் கடைக்கு.

"ஷட்டரைச் சாத்துங்கண்ணே. வண்டி ஓட்டணும்."

"எந்த வண்டி?"

"குட்டி வண்டி. ஆஸ்பத்திரிக்கு. ஒருத்தர் கேக்கறார்னு அவகிட்ட வாயை விட்டது நீங்க. அப்ப ஓட்டறதும் நீங்கதான்."

அண்ணன் வாடிக்கையாளர் இருக்கிறார், சரக்கு வருகிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அக்கா நகரவில்லை. கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் ஏன் விக்கணும்கறேன்னு நினைக்கறே? அன்னிக்கு அவளைத் தூக்கிட்டுப் போனது நான். அவ கத்தினது இன்னும் காதை விட்டுப் போகலை. எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் பயம். ஆனா அவ வண்டியிலேருந்து விழலையே அண்ணே. சோப்புத் தண்ணியிலதானே விழுந்தா? சோப்பை வேணா வித்துடலாம்."

அண்ணன் எழுந்து கல்லாவைப் பூட்டினார்.

ஷெட்டில் அவர் இருக்கையில் ஏறிச் சாவியில் கை வைத்ததும் "துணி! துணி!" என்று அலறினாள் அக்கா. ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி. இறங்கிப் போய்ச் சைலன்சரிலிருந்தும் காற்று வாயிலிருந்தும் இரும்பு நாரை உருவினார்கள். சமையலறையிலிருந்து பேட்டரியை இரண்டு பேரும் மூச்சு முட்டத் தூக்கி வந்து மாட்டினார்கள். துணியை அவிழ்த்தார்கள். அண்ணன் சாவியைத் திருகினார். என்ஜின் முனகிவிட்டு நின்றது. மறுபடி திருகினார், மறுபடி முனகல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "டேய், மானத்தை வாங்காதேடா," என்று பானெட்டைத் தட்டினாள். அடுத்த திருகலில் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில், குட்டியின் வார்டு ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி அண்ணன் ஹார்னை அமுக்கினார். அந்த ஹார்ன் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். குட்டி வேண்டுமென்றே போட்டுக்கொண்டது. காவலாளி, "ஆஸ்பத்திரியில ஹார்ன் அடிக்கக் கூடாதுன்னு தெரியாதா?" என்று கம்பை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "தெரியும்ங்க, இன்னும் ஒரே ஒரு தடவை," என்று சொல்லிவிட்டு அண்ணன் இன்னொரு தடவை அமுக்கினார். அந்த நேரத்தில் அக்காவுக்கு அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மேலே ஜன்னலில் கலைந்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பார்த்தது, மறைந்தது. பிறகு லிஃப்ட் கதவு திறந்து, வாக்கரின் டக் டக் சத்தமும், பின்னால் "மெதுவா, மெதுவா!" என்று பதறுகிற நர்ஸம்மாவின் குரலும் வந்தன.

குட்டி வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பானெட்டைத் தூக்கு," என்றாள். அண்ணன் தூக்கினார். புது ஒயர்களைப் பார்த்தாள். காற்று வாயில் ஒட்டியிருந்த இரும்பு நார்த் துணுக்கை விரலால் எடுத்துப் பார்த்தாள். இண்டு இடுக்கில் வெள்ளையாகப் படிந்திருந்த மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அக்காவின் முழங்கையில் காய்ந்திருந்த காயங்களைப் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"நிஜமாவே எலியாக்கா?"

"பின்னே? நான் என்ன கதை எழுதறவளா?"

"ஓட்டக் கூடாது, உட்கார மட்டும்தான்," என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொன்ன பிறகு, அண்ணன் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் பிடித்து அவளை அவளுடைய இருக்கையில் ஏற்றினார்கள். அணைத்தால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ என்று அண்ணன் என்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தார். குட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"ஐயையோ, எதுக்கு அணைச்சே? திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா?" என்று பதறினார் அண்ணன்.

"ஆகும். சும்மா சூடேத்தாதே. எலி வரும்." சாவியை உருவி அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "சத்தம் வேணாம்க்கா. நானே வந்து போட்டுக்கறேன். சாயங்காலம் போன் பண்ணுவேன். மாவுல கால்தடம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு."

சொன்னபடி அடுத்த நாள் சாயங்காலம் போன் வந்தது. நடை முழுவதும் நடந்து வந்த மூச்சிரைப்பு அப்படியே கேட்டது.

"அக்கா, கால்தடம்?"

"இருக்குடி."

"என்னது! எவ்வளவு பெரிசு?"

"ரொம்பப் பெரிசு. செருப்பு போட்ட கால். அண்ணன் கடையைச் சாத்திட்டு வந்து, ஷட்டருக்கு அடியில இன்னொரு தகடு அடிச்சுட்டுப் போறார்."